வாசற்கதவுக்கு ஒரு எண்

அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி நாலு வருடமாக எங்கள் வீட்டு பீரோ மேல் கிடந்தது. 4 ஜிபி ரேம். ஸ்பேஸ் பாரை இரண்டு முறை அழுத்தினால் ஒரு முறை வேலை செய்யும். வேலைக்குப் போனதும் அவள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். "மாமா, அதைத் தூக்கி மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். போன மார்கழியில் அதைத் தூசி தட்டி எடுத்தேன். இன்று என் சமூக வலைத்தளக் கணக்கு அதில்தான் இருக்கிறது. ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, ரவுட்டருக்குப் பக்கத்தில். நான் எழுதும் ஒரு வரி ஜெர்மனியில் இருப்பவருக்கும் ஜப்பானில் இருப்பவருக்கும் அங்கிருந்துதான் கிளம்பிப் போகிறது.

மென்பொருளை நிறுவ ஒரு மணி நேரம் ஆனது. வெளியிலிருந்து வருபவர்கள் அந்தக் கணினியைக் கண்டுபிடித்து வந்துசேர வழி செய்வதற்குப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்களிடம் நான் யாகூ குழுமங்களைச் சொல்வேன். தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை பேசிப் பழகிய இடங்களில் அது முக்கியமானது. கவிதை, யாப்பு, சமையல், எழுத்துருவை எப்படி இறக்குவது என்கிற சந்தேகம் எல்லாம் அங்கே மடல்களாகக் குவிந்து கிடந்தன. 2019 டிசம்பரில் அங்கே சேர்ந்திருந்தவற்றை நிறுவனம் அழிக்கத் தொடங்கியது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. ஆர்குட் 2014 செப்டம்பரிலேயே போயிருந்தது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். வாடகை வீட்டுக் கொல்லையில் தென்னங்கன்று வைத்த கதைதான். தண்ணீர் ஊற்றியது நாம், மரம் வீட்டுக்காரருடையது.

மின்னஞ்சலில் இந்த நிலைமை இல்லை. நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கலாம், நீங்கள் வேறொன்றில் வைத்திருக்கலாம், கல்லூரி தனக்கென்று ஒன்றை நடத்தலாம். கடிதம் எல்லாவற்றுக்கும் இடையே போய்வரும், ஏனென்றால் அஞ்சலின் விதிமுறை யாருக்கும் சொந்தமில்லை. சமூக வலைத்தளத்துக்கும் அப்படி ஒரு பொது விதிமுறை வேண்டும் என்று பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 2010 பிப்ரவரியில் கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன் நியூயார்க்கில் பேசினார். ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சுவரின் மின்செருகியில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய ஒரு சர்வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் முன்வைத்த யோசனை. அதைக் கேட்டு உற்சாகம் கொண்ட நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் 'டயஸ்போரா' என்ற மென்பொருளை எழுதக் கிளம்பினார்கள். கிக்ஸ்டார்ட்டரில் 10,000 டாலர் கேட்டார்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. ஃபேஸ்புக்கை வீழ்த்துவார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அப்படி எதுவும் நடக்கவில்லை, ஆனால் டயஸ்போரா இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2016-ல் ஜெர்மனியில் ஓய்கன் ரோஷ்கோ 'மாஸ்டடான்' எழுதி வெளியிட்டார். 2018 ஜனவரியில் வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ-த்ரீ-சி அமைப்பு 'ஆக்டிவிட்டிபப்' என்ற நெறிமுறையைப் பரிந்துரையாக ஏற்றது. மின்னஞ்சலுக்கு இருந்தது போன்ற பொது விதிமுறை அப்போதுதான் உறுதியாகக் கிடைத்தது.

இந்தியாவில் இது பரவலாகப் பேசப்பட்டது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டிப் பலர் மாஸ்டடானுக்குக் குடிபோனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் சேர்ந்தது யாரோ ஒருவர் நடத்தும் சர்வரில். அதில் தவறில்லை. நல்ல வீட்டுக்காரர் அமைந்தால் வாடகை வீடும் சுகம்தான். எனக்குச் சொந்த வாசல் வேண்டும் என்ற ஆசை இருந்தது.

பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸை நிறுவினேன். மாஸ்டடானை அதில் ஏற்றலாமா என்று யோசித்துக் கைவிட்டேன். அது பல ஆயிரம் பேரைத் தாங்குவதற்காகக் கட்டியது. தனித் தரவுத்தளம், தற்காலிக நினைவுக்கு ஒன்று, பின்னணி வேலைகளுக்கு ஒன்று என்று நாலைந்து நிரல்கள் சேர்ந்து ஓட வேண்டும். ஒரு ஆளுக்கு அது கல்யாண மண்டபம். நான் எடுத்துக்கொண்டது அதே ஆக்டிவிட்டிபப் நெறிமுறையைப் பேசும் 'கோடுசோஷியல்'. ஒரே நிரல், ஒரே அமைப்புக் கோப்பு, 'எஸ்கியூலைட்' வகைத் தரவுத்தளமாக ஒரே ஒரு கோப்பு. நினைவகத்தில் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. எழுதுவதற்கென்று அதற்கு முகப்பு கிடையாது. கைப்பேசியில் 'டஸ்கி' மாதிரி ஒரு செயலியை இறக்கி, அதில் உங்கள் சர்வரின் பெயரைக் கொடுத்து உள்ளே போக வேண்டும்.

அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மட்டும் பத்து முறை படித்துவிட்டு நிரப்புங்கள். சர்வரின் பெயர், அதாவது உங்கள் டொமைன். மற்ற எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்ற முடியாது. இந்த உலகில் ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு பதிவும் ஒரு முழு இணைய முகவரியால்தான் அறியப்படுகிறது. மற்ற சர்வர்கள் எல்லாம் அந்த முகவரியைத் தங்கள் ஏட்டில் எழுதிக்கொள்கின்றன. பெயரை மாற்றினால் நீங்கள் அவர்களுக்கு வேறு ஆள். டொமைனைத் தமிழ் எழுத்திலேயே பதிவு செய்யலாம், '.இந்தியா' என்ற முடிவோடு கூடக் கிடைக்கிறது. ஆனால் பயனர் பெயர் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு இவற்றில்தான் இருக்க வேண்டும் என்று மாஸ்டடானும் சொல்கிறது, கோடுசோஷியலும் சொல்கிறது. என் பெயரை என் எழுத்தில் எழுத என் வீட்டுக் கணினியிலேயே இடமில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இனி ஒரு பதிவு எப்படிப் பயணம் போகிறது என்று பார்ப்போம். 'வணக்கம்' என்று மட்டும் எழுதி அனுப்புகிறேன். கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு குறிகள், ஏனென்றால் இரண்டு மெய்களின் புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட் வீதம் 21 பைட். என் சர்வர் இதை ஒரு உறைக்குள் போடுகிறது. எழுதியவர் யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, இந்தப் பதிவின் நிரந்தர முகவரி எது என்ற விவரங்கள் எல்லாம் 'ஜேசன்' வடிவில் அந்த உறையில் இருக்கும். பிறகு கையெழுத்து. கணக்குத் தொடங்கும்போதே எனக்கென்று ஒரு சோடிச் சாவி உருவாகியிருக்கிறது. ஒன்று இரகசியம், எந்த சர்வருக்கும் போகாது. மற்றது பொதுச்சாவி, யார் கேட்டாலும் கொடுக்கலாம். உறைக்குள் இருப்பதன் சுருக்கத்தையும் நேரத்தையும் சேர்த்து இரகசியச் சாவியால் கையெழுத்திட்டு, என்னைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வரின் அஞ்சல் பெட்டியிலும் என் சர்வர் அதைப் போடுகிறது. ஒரே சர்வரில் நாற்பது பேர் என்னைப் பின்தொடர்ந்தாலும் நாற்பது உறை போக வேண்டியதில்லை. பொதுப்பெட்டியில் ஒன்று போட்டால் போதும், அந்த சர்வர் தன் ஆட்களுக்குக் கொடுத்துவிடும்.

பெற்றுக்கொள்ளும் சர்வருக்கு என்னைத் தெரியாது. கையெழுத்து என்னுடையதுதானா என்று பார்க்க அதற்கு என் பொதுச்சாவி வேண்டும். அது இருக்கும் முகவரி உறையின் மேலேயே எழுதியிருக்கிறது. ஆகவே அந்த சர்வர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்த்திசையில் என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறது. "உங்கள் சாவியைக் காட்டுங்கள்." நான் திறந்து காட்டினால்தான் கடிதம் செல்லும். கதவே இல்லையென்றால் கடிதம் குப்பைக்குப் போகும்.

கையெழுத்தில் நேரத்தைச் சேர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. யாராவது என் பழைய கடிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி அனுப்பிக் குழப்பம் செய்யக் கூடாது. அதனால் நேரம் ரொம்பப் பழையதாக இருந்தால் பெறும் சர்வர்கள் மறுத்துவிடும். இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஒரு நாள் மாலை நான் அனுப்பிய எல்லாமே திரும்பி வந்தன. இரண்டு மணி நேரம் சாவிகளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் மடிக்கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. வாட்ச் கடையில் ஒன்று வாங்கி மாற்றினேன். நேரத்தை இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியையும் இயக்கிவிட்டேன்.

இப்போது அந்தப் பதினோரு நாள். ரவுட்டருக்குள் நுழைந்து, 80, 443 என்ற இரண்டு போர்ட்டுகளுக்கு வருவதை மடிக்கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். பத்து நிமிட வேலை. செய்தேன். கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு வெளியிலிருந்து தட்டிப் பார்த்தேன். பதில் இல்லை. திருப்பித் திருப்பிச் செய்தேன். மூன்றாம் நாள்தான் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், இணைய இணைப்புக்கு நேராக எழுதியிருந்த ஐபி முகவரியைக் கவனித்தேன். 100 என்று தொடங்கியது, அடுத்த எண் 72. 'என் ஐபி என்ன' என்று ஒரு தளத்தில் கேட்டால் அது முற்றிலும் வேறொரு எண்ணைச் சொன்னது. என் வீட்டு வாசலில் எழுதியிருக்கும் கதவு எண்ணும் தபால்காரர் அறிந்த கதவு எண்ணும் ஒன்றில்லை.

சென்னைத் தெருக்களில் பழைய எண், புது எண் என்று இரண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குழப்பம் இருந்தாலும் இரண்டுமே அந்த வீட்டுக்கு உரியவை. இங்கே நிலைமை அப்படியில்லை. 1981-ல் வகுத்த ஐபி நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட் நீளம். மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். ஆராய்ச்சிக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டும் இருந்த வலைக்கு அது கடலளவு. உலகத்துக்கே ஆளுக்கு ஒரு கைப்பேசி வந்த பிறகு போதவில்லை. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதிக்கு ரேஷன் தொடங்கியது. தாமதமாக வலைக்கு வந்த நம்மைப் போன்ற நாடுகளுக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு கிடைக்கவில்லை. அதனால் இணைய நிறுவனங்கள் பல நூறு வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்தன. அந்த வீடுகளுக்கு உள்ளூரில் மட்டும் செல்லும் எண்கள் தேவைப்பட்டன. 100.64 முதல் 100.127 வரையிலான சுமார் 42 லட்சம் எண்கள் 2012-ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டன. என்னுடையது அதில் ஒன்று.

இந்த ஏற்பாட்டில் நாம் வெளியே போகலாம், வீடியோ பார்க்கலாம், பணம் அனுப்பலாம். உள்ளிருந்து ஒரு கோரிக்கை கிளம்பினால், நிறுவனத்தின் பெட்டி அதை யார் அனுப்பியது என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் சரியான வீட்டில் சேர்த்துவிடும். வெளியிலிருந்து முதலில் ஒருவர் வந்து தட்டினால் அவர் யாரைத் தேடி வந்தார் என்று பெட்டிக்குத் தெரியாது. வலை தொடங்கியபோது அதில் சேர்ந்த ஒவ்வொரு கணினியாலும் கேட்கவும் முடிந்தது, கொடுக்கவும் முடிந்தது. எண்கள் தீர்ந்ததும் வீடுகள் கேட்பவையாக மட்டும் ஆகிவிட்டன. சில பெரிய கட்டடங்கள் கொடுப்பவையாக நின்றன. நம் எழுத்தெல்லாம் அந்தக் கட்டடங்களில் போய்ச் சேர்ந்ததற்கு நிறுவனங்களின் ஆசை ஒரு காரணம் என்றால், இந்தக் கதவு எண் பஞ்சமும் ஒரு காரணம். இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.

இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். முதலில் பேசிய பெண்ணுக்கு நான் கேட்டது புரியவில்லை. இரண்டு நாள் கழித்து லைன்மேன் தம்பி வந்தார். "சார், ஸ்டேட்டிக் ஐபி வேணும்னா பிசினஸ் பிளானுக்கு மாறணும். வீட்டு பிளானுக்குத் தர மாட்டாங்க" என்றார். மாதக் கட்டணம் மூன்று மடங்கு. ஐபி ஆறாம் பதிப்பில் முகவரிக்குப் பஞ்சமே கிடையாது. அதன் பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. என் வீட்டுக்கும் அது வருகிறது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் எல்லா சர்வர்களுக்கும் அது வர வேண்டுமே. வராதவற்றுக்கு நான் இல்லாத ஆள்.

கடைசியில் சுரங்கப்பாதை போட்டேன். பொது முகவரி உள்ள மிகச் சிறிய மெய்நிகர் கணினி ஒன்றை மாதம் சுமார் முந்நூறு ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தேன். வீட்டு மடிக்கணினி 'வயர்கார்டு' என்ற மென்பொருளால் உள்ளிருந்து அதை அழைத்து ஒரு பாதையைத் திறக்கிறது. உள்ளிருந்து கிளம்புவதால் நிறுவனத்தின் பெட்டி தடுப்பதில்லை. சும்மா இருந்தால் பெட்டி அந்தப் பாதையை மறந்துவிடும் என்பதால், 25 விநாடிக்கு ஒரு முறை 32 பைட்டில் 'இருக்கிறேன்' என்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளைக்கு 3,456 தடவை. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்டு 2020 முதல் லினக்ஸ் கருவிலேயே இருக்கிறது, தனியாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

வாடகைக் கணினி வைத்தால் மறுபடி வாடகை வீடுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதை யோசித்தேன். அந்தக் கணினியில் நான் எதையும் வைக்கவில்லை. வருகிற உறையைப் பிரிக்காமல் அப்படியே சுரங்கத்தில் தள்ளும்படி அமைத்திருக்கிறேன். பூட்டு திறப்பது டிவி ஸ்டாண்டுக்குக் கீழேதான். யாரிடமிருந்து வந்தது, எந்தப் பெயருக்கு வந்தது என்பது அதற்குத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. நாளைக்கே அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்து, டொமைனை அங்கே திருப்பினால் போதும். தெருமுனைத் தபால் பெட்டியை மாற்றுவது போலத்தான், வீடு மாறுவதில்லை.

பூட்டு என்றேனே, அது 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற லாப நோக்கமற்ற சேவை 2015 முதல் இலவசமாக எல்லோருக்கும் தரும் சான்றிதழ். 90 நாளுக்கு ஒன்று. கோடுசோஷியலே அதை வாங்கி, தானே புதுப்பித்துக்கொள்கிறது. சான்றிதழ் வாங்கிய அன்று இரவு என் சர்வரின் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில நிமிடத்தில் திரை ஓடத் தொடங்கியது. யாருக்கும் நான் முகவரியைச் சொல்லவில்லை. ஆனாலும் உலகின் பல மூலைகளிலிருந்து தட்டல். பாதி, வேர்ட்பிரஸின் நுழைவுப் பக்கத்தைத் தேடின. மீதி, கடவுச்சொற்களை எழுதி வைக்கும் ஒரு வகைக் கோப்பைக் கேட்டன. எனக்குக் கை சில்லிட்டது. பிறகு படித்துப் புரிந்துகொண்டேன். ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டதும் அதன் டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்கவே அந்தப் பதிவேடு, ஆனால் திருடும் நிரல்களும் அதையே படிக்கின்றன. பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எந்த மென்பொருளையும் பழைய பதிப்பிலேயே விட்டு வைக்காதீர்கள். வெளியிலிருந்து கணினிக்குள் நுழையக் கடவுச்சொல்லை அனுமதிக்காமல் சாவியை மட்டும் அனுமதியுங்கள். இந்த இரண்டையும் செய்ய மனமில்லாதவர்கள் வீட்டில் சர்வர் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

முதல் வாரம் வெறுமையாக இருக்கும். உங்கள் சர்வர் யாரையும் அறியாது. நீங்கள் பின்தொடர்பவர்கள் இனிமேல் எழுதுவது மட்டும் வரும், போன மாதம் எழுதியது தானாக வராது. ஒரு பதிவுக்கு முப்பது பேர் பதில் எழுதியிருப்பார்கள், உங்களுக்கு நாலு மட்டும் தெரியும், ஏனென்றால் மற்றவற்றை யாரும் உங்கள் வாசலுக்குக் கொண்டுவரவில்லை. முழு ஊரையும் மேலிருந்து பார்க்கும் கண் இங்கே யாருக்கும் இல்லை. பழகப் பழக எனக்கு அது பிடித்துப்போனது. நான் தேடிப் போனவர்கள் மட்டும் வருகிறார்கள்.

நகல் எடுத்து வைப்பது பற்றி ஒரு வார்த்தை. என் எழுத்து, என் உறவுகள், என் இரகசியச் சாவி எல்லாம் அந்த ஒரே தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. அது போய், அதே பெயரில் புதிதாக நிறுவினால், சாவி மாறியிருக்கும். என்னை அறிந்த சர்வர்கள் பழைய சாவியோடு ஒப்பிட்டுப் பார்த்து என் கையெழுத்தை நம்பத் தயங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை அப்படியே நகலெடுக்கக் கூடாது, பாதி எழுதிய நிலையில் அகப்பட்டுக்கொள்ளும். எஸ்கியூலைட்டின் நகல் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். தினமும் இரவு இரண்டு மணிக்கு அது தானாக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவில் போட்டு அக்கா வீட்டில் கொடுத்து வைக்கிறேன்.

மின்செலவு அஞ்சியது போல் இல்லை. மூடியபடி ஓடும் மடிக்கணினி 15 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டைத் தாண்டாது. மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்ற வேண்டும். பேட்டரி முழுதாக நிரம்பியே கிடந்தால் உப்பிவிடும் என்பதால் 60 விழுக்காட்டில் நிறுத்தியிருக்கிறேன். அந்த அளவே சின்னச் சின்ன மின்வெட்டுக்குப் போதும், ரவுட்டருக்குத் தனியாக ஒரு சிறு யுபிஎஸ் இருக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்பு நாளுக்குத்தான் எதுவும் தாங்காது. போன மாதம் எங்கள் பகுதிக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை. பதினோரு மணிக்கெல்லாம் எல்லாம் அணைந்துவிட்டது. அனுப்பும் சர்வர்கள் கதவு திறக்காவிட்டால் கடிதத்தை எறிந்துவிடுவதில்லை. சில விநாடி கழித்து வரும், பிறகு சில நிமிடம், பிறகு மணிக்கணக்கு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மறுபடி மறுபடி தட்டும். ஏழு நாள் தொடர்ந்து திறக்காவிட்டால்தான் மாஸ்டடான் ஒரு வீட்டைக் காலியென்று முடிவு செய்யும். ஐந்தே காலுக்கு மின்சாரம் வந்தது. நான் பதிவேட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோவை நண்பர் மூன்று மணிக்கு எழுதியது ஐந்தரைக்கே வந்துசேர்ந்தது. அவரே நண்பகலில் எழுதியது, அதிக முறை தட்டி ஓய்ந்திருந்ததால், இடைவெளி நீண்டு இரவு எட்டு மணிக்கு மேல் வந்தது. அதில் ஒரு செம்போத்தின் படம். படத்தைப் பார்க்கும் முன்பே, "அது என்ன பறவை, தெரிந்ததா?" என்ற மூன்று மணிக் கேள்விக்கு நான் "எது?" என்று பதில் எழுதிவிட்டிருந்தேன்.